கடதாசி இல்லாத வேலை

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு ஊடாக வடக்கே செல்லும் பாதையில், வில்பத்துக் காட்டின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது எலுவன்குளம். கலா ஓயா கண்டற்காடுகளுக்கிடையே களப்பை அடைவது இதற்கு மேற்கே. சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு சென்றிருந்தபோது, இறால் பண்ணையொன்றில் பதினோராண்டு வேலைசெய்து, ஒரு மாலையில் “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்று அனுப்பப்பட்ட முதியவரைச் சந்தித்தேன். வழக்குப் பேசவில்லையா என்று கேட்டேன்.

“கடதாசி ஒன்றும் தரவில்லையே, தம்பி. எதைக் காட்டி வழக்குப் பேசுறது?” என்றார்.

எனது முதல் பத்திரிகை வேலைக்கும் நியமனக் கடிதம் கிடைக்கவில்லை. ஆகவே அக்கேள்வி என்னைச் சுட்டது.

இலங்கையில் தொழிலாளியைப் பற்றிய கடதாசி ஒரு காலத்தில் இருக்கத்தான் செய்தது. கோப்பித் தோட்டக் காலத்தில் வந்த 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உடன்பாட்டை மீறி வேலையை விட்டுச்சென்ற கூலியாளைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டும் வழங்கியது. அதில் தொழிலாளியின் கடன் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைச் செலுத்தும் துரைக்கே அவர் கைமாறுவார். 1921இலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. தொழிற்சட்டம் எனப்பட்டது அதுவரை பெரும்பாலும் ஆளைக் கட்டிவைக்கும் கயிறாகவே இருந்தது.

நிற்க. முதியவரின் கேள்விக்கு விடை 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம், சொல்லாமலே உணரப்படுவதாகவும் இருக்கலாம். எதன்கீழ் வேலைசெய்தாலும் அவர் தொழிலாளியே என்கிறது அதன் வரைவிலக்கணம். 1957இன் திருத்தம் தொழில் நியாய சபைகளை உருவாக்கியது. நீதியும் ஒப்புரவும் உடையதெனத் தோன்றும் கட்டளையை அச்சபை பிறப்பிக்கலாம். ஊழிய ஒப்பந்தத்தில் மாறாக எது கூறப்பட்டிருந்தாலும் நிவாரணம் வழங்கலாம். பசித்தவனும் பண்ணைக்காரனும் செய்துகொள்ளும் உடன்பாடு சமமானவர்களின் உடன்பாடன்று என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடமாக இதனை நான் கருதுகிறேன்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் மேலும் சென்று, ஒழுக்காற்றுக் காரணமின்றி வேலைநீக்குவதற்குத் தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ வேண்டுமென்றது. தொழிலை இது முடக்குகிறது என வேலைகொள்வோர் நெடுங்காலமாக முறையிடுகின்றனர். நட்டத்தில் தள்ளாடும் நிறுவனத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்போரை அச்சட்டம் தொடுவதில்லை. முதியவரின் பண்ணையில் ஒன்பது பேர். பெரிய நிறுவனத்தின் எழுதுவினைஞருக்குக் கிடைத்த காவல், அதனினும் தேவைப்பட்ட களப்போரத்துக் கூலிக்குக் கிடைக்கவில்லை. இதனை ஒப்புரவு என்று என்னால் எழுத முடியாது.

தொழில் நியாய சபைக்கு அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. வேறொன்று உண்டு: வேலைநீக்கப்பட்டு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவரை அனுப்பி எட்டு மாதமாகியிருந்தது.

எஞ்சியது ஊழியர் சேமலாப நிதி. 1958இல் வந்த அச்சட்டத்தின்படி ஒரேயொரு ஆளை வைத்திருந்தாலும் பணம் கட்டவேண்டும். இன்றைய விகிதம் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, வேலைகொள்வோரின் பங்கு 12. அவருக்கு ஒரு சதமும் கட்டப்படவில்லை. தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடொன்றை எழுத எனது குறிப்புப் புத்தகத்தை விரித்து, வேலைக்குச் சேர்ந்த திகதியைக் கேட்டேன்.

“மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்த வருசம், மாரி தொடங்கக்குள்ள” என்றார்.