துளை வழியா, கரைந்தா?

1748-ஆம் ஆண்டு, பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் அந்துவான் நொல்லே ஒரு கலத்தில் சாராயத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, நீருக்குள் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் தோல் வெளிப்புறமாகப் புடைத்து நின்றது. நீரை உள்ளேயும் சாராயத்தை வெளியேயும் மாற்றி வைத்தபோது, அதே தோல் உட்புறமாகக் குழிந்தது. நீர் தோலைக் கடந்தது. சாராயத்தால் அவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை. கண்ணுக்கு ஓட்டையே தெரியாத ஒரு சவ்வு எப்படி ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு இன்றும் முடியவில்லை.

1831-இல் பிலடெல்பியா மருத்துவர் ஜான் கியர்ஸ்லி மிட்செல், ரப்பர் சவ்வுகளின் வழியே வாயுக்கள் எவ்வளவு விரைவில் செல்கின்றன என்று அளந்தார். கார்பன் டைஆக்சைடு ஹைட்ரஜனை முந்தியது. ரப்பரில் நுண்ணிய துளைகள் இருப்பதாகவே அவர் விளக்கினார்.

லண்டனில் இருந்த தாமஸ் கிரஹாம் 1866-இல் இதை மறுத்தார். நுண்துளைகளின் வழியே இலேசான வாயு விரைந்தும் கனமான வாயு மெதுவாகவும் செல்லும் என்ற விதியைக் கண்டறிந்தவரே அவர்தான். ஹைட்ரஜனைவிட 22 மடங்கு கனமானது கார்பன் டைஆக்சைடு. ஆனால் அவருடைய அளவீட்டில், நைட்ரஜனின் வேகத்தை 1 எனக் கொண்டால், ரப்பரில் ஹைட்ரஜன் 5.5 மடங்கும் கார்பன் டைஆக்சைடு 13.6 மடங்கும் வேகமாகச் சென்றன. துளை இருந்தால் இது நடவாது. எனவே வாயு முதலில் ரப்பரில் கரைகிறது, உள்ளே பரவுகிறது, மறுபக்கத்தில் ஆவியாக வெளியேறுகிறது என்று அவர் முடிவு செய்தார். சவ்வு சல்லடை அன்று; அதுவும் ஒரு கரைப்பானே.

1917-இல் அமெரிக்க வேதியியலாளர் பிலிப் கோபர் மற்றொன்றைப் பதிவு செய்தார். இறுகக் கட்டித் தொங்கவிடப்பட்ட கொலோடியன் பையிலிருந்த திரவம், பை மூடியிருந்தும் குறைந்துகொண்டே வந்தது. ஒருபுறம் திரவம், மறுபுறம் ஆவி. இதன் பயன் பின்னரே தெளிவாயிற்று. சாராயத்தை எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும், எடையில் ஏறத்தாழ 95.6 சதவீதத்தைத் தாண்டித் தூய்மையாக்க முடியாது. அந்த நிலையில் திரவமும் ஆவியும் ஒரே கலவையாகிவிடுகின்றன. நீரை மட்டும் தனக்குள் ஏற்கும் சவ்வோ அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது.

இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் இந்த வரலாற்றில் நுழைவது இங்கேதான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபுடன் சேர்ந்து, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் செல்லுலோஸ் அசிடேட் சவ்வை அவர் உருவாக்கினார். பாலிமரை அசிட்டோனில் கரைத்துப் பரப்பி, சற்றே ஆவியாகவிட்டு, குளிர்நீரில் அமிழ்த்தியபோது, மேலே மெல்லிய இறுகிய தோலும் கீழே தளர்ந்த அடுக்கும் உருவாயின. கரைப்பான் வெளியேறிய விதமே சவ்வின் அமைப்பைத் தீர்மானித்தது. அதன் தோலில் நுண்துளைகள் உள்ளன, அவற்றின் பரப்பு நீரை விரும்பி ஏற்று வழிநடத்துகிறது என்பது சௌரிராஜனின் கருத்து. 1965-இல் லான்ஸ்டேல், மெர்ட்டன், ரைலி ஆகியோர் கிரஹாமின் வழியில், நீர் கரைந்தே கடக்கிறது என்றனர். பாடநூல்கள் பெரிதும் அவர்கள் பக்கமே நின்றன.

2004-இல் பிரிட்டனின் பீட்டர் பட், நீல் மெக்கியோன் குழுவினர் பிம்-1 என்ற பாலிமரை அறிமுகம் செய்தபோது கேள்வி புதுவடிவம் பெற்றது. சாதாரண பாலிமர் இழைகள் நெருங்கிப் படிந்துவிடும். பிம்-1 இழைகளோ விறைப்பானவை, முறுக்குண்டவை. கோணல்மாணலான சுள்ளிகளைக் கட்டினால் இடைவெளி மிஞ்சுவதுபோல, அவற்றினிடையே 2 நானோமீட்டருக்கும் சிறிய வெளிகள் எஞ்சுகின்றன. தொடக்கத்திலேயே இச்சவ்வு நீரிலிருந்து பீனாலைப் பிரித்துக் காட்டியது.

ஆனால் இந்த வெளிகள் கல்லில் குடைந்த துளைகள் அல்ல. மெத்தனாலில் ஊறினால் சவ்வு உப்புகிறது, இழைகள் விலகுகின்றன. உலர்ந்தபின் வாயுக்கள் முன்னிலும் எளிதாகச் செல்கின்றன. நாள்களும் மாதங்களும் கழிய இழைகள் மெல்லப் படிந்து வெளி சுருங்குகிறது. குளோரோபார்மிலோ பாலிமரே கரைந்துவிடுகிறது.

2023-இல் யேல் பல்கலைக்கழகத்தின் எலிமெலெக் குழுவினர், கணினிப் பாவனைகளையும் நீர், கரிமக் கரைப்பான்கள் ஆகியவற்றைக் கொண்டு செய்த சோதனைகளையும் முன்வைத்து, உப்பு நீக்கும் சவ்வுகளில் நீர் கரைந்து பரவுவதில்லை, கணத்துக்குக் கணம் இணையும் துளைகளின் வழியே அழுத்தத்தால் பாய்கிறது என வாதிட்டனர். சௌரிராஜன் வரைந்த படம் அப்படியே திரும்பிவிட்டது என்று இதைக் கொள்ள முடியாது. ஆனால் முடிந்ததாகக் கருதப்பட்ட வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்துள்ளது.

ரப்பருக்குள் கரையும் வாயுவுக்குக் கிரஹாமின் விடை இன்றும் பொருந்துகிறது. மற்றவற்றில், துளை உண்டா இல்லையா என்பதைச் சவ்வு மட்டும் தீர்மானிப்பதில்லை. கடந்து செல்லும் பொருளும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கவும், வெப்பத்தை விழுங்கும் காய்ச்சி வடித்தலைக் குறைக்கவும் புதிய சவ்வு தேடுவோர், எதை மாற்ற வேண்டும், சவ்வின் வெளியையா, அதன் கரைக்கும் தன்மையையா என்பதை அறிய, நொல்லேயின் கேள்வியையே மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது.