பெருமுனையும் சிறுமுனையும்: கணினிக் கொத்தில் எழுத்தின் வரலாறு

பெரிதை முன்னே சொல்வதா, சிறிதை முன்னே சொல்வதா என்பதில் மொழிகள் ஒத்துப்போவதில்லை. நாம் ‘இருபத்து நான்கு’ என்கிறோம். ஜெர்மானியர் ‘நான்கும் இருபதும்’ என்னும் முறையில் சொல்வர். கணினிச் செயலிகளிலும் இப்பிளவு நேர்ந்தது. ஓர் எண் பல பைட்டுகளில் அடங்கும்போது, உயர்மதிப்புப் பைட்டை நினைவகத்தில் முதலில் வைத்தது 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360. கடைசியில் வைத்தது 1970இல் வந்த பிடிபி-11. 1978இல் இன்டெல் 8086 இரண்டாம் வழியையும், அடுத்த ஆண்டு மோட்டோரோலா 68000 முதல் வழியையும் பின்பற்றின.

இவ்விரு வழிகளுக்கும் பெயரிட்டவர் டேனி கோஹன். முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா சிறுமுனையில் உடைப்பதா என்று போரிட்ட மக்களை ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் ‘கலிவரின் பயணங்கள்’ நூலில் படைத்திருந்தார். அங்கிருந்தே கோஹன் பெயர்களை எடுத்தார். அவரது கட்டுரை 1980 ஏப்ரல் 1ஆம் நாளிட்டது. நாள்தான் விளையாட்டு, பொருள் விளையாட்டன்று.

‘தமிழ்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் அது ஐந்து குறியெண்கள். அவற்றை ஒவ்வொன்றும் இரண்டு பைட்டாக எழுதி, மாற்று வரிசையுடைய பொறி படித்தால், தகரம் தென்மேற்குச் சீனத்து யி மொழியின் அசையாகும். எஞ்சிய நான்கும் கொரிய அசைகளாகும். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 முறை பைட்டு பைட்டாகவே வரையறுக்கப்பட்டதால், எழுத்தளவில் இத்துயர் நீங்கியது.

தரவுத்தளத்தில் எண்களும் அட்டவணைகளும் உள்ளனவே! ஒரே தரவைப் பல வழங்கிகள் தாங்கும் கொத்தில், போஸ்ட்கிரெஸ் நெடுங்காலம் வட்டின் பக்கங்களில் நேர்ந்த மாற்றங்களை உள்ளது உள்ளபடியே மறுவழங்கிக்கு அனுப்பியது. மொழியறியாதவன் ஏட்டைக் கோடு கோடாகப் பெயர்த்தெழுதுவது போன்றது இது. ஆதலின் இருபுறமும் ஒரே செயலிக் கட்டமைப்பு வேண்டும். மைஎஸ்கியூஎல்லின் என்டிபி கொத்துக் கையேடும் இரு வரிசைகளையும் கலக்கலாகாது என்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் பத்தாம் பதிப்பு (2017) ஏட்டை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் தம் கையெழுத்தில் எழுதிக்கொள்ளும் முறையையும் சேர்த்தது. அதன்பின் செயலிகள் வேறுபடலாம்.

இன்று வழங்கிகளில் இன்டெல் வகையும் ஆர்ம் வகையும் பெரும்பாலும் சிறுமுனைக் கட்சியே. எனினும் ஒரு நுண்வேறுபாடு எஞ்சியது. ஆசிரியர்கள் இதைக் கருத வேண்டும். லினக்ஸில் சி மொழி ஒரு பைட்டை இன்டெல் வகையில் குறியுள்ள எண்ணாகவும், ஆர்ம் வகையில் குறியற்ற எண்ணாகவும் கொள்ளும். ஆங்கில எழுத்துகள் 128க்குள் அடங்குவதால் அவற்றுக்குத் தீங்கில்லை. தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுகளும் 127ஐக் கடந்தவை; ஒரு பொறியில் எதிர்மம், மற்றதில் நேர்மம். பைட்டுகளை அப்படியே ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் நிரல் ஒரு பொறியில் தமிழை ஆங்கிலத்துக்கு முன்னும், மற்றதில் பின்னும் வைக்கும். அங்கு அமைத்த அட்டவணையை இங்குத் தேடினால், இருக்கும் சொல்லையே இல்லை என்று விடை வரக்கூடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர் கண்ணில் இது படாது. 2025இல் வெளியான போஸ்ட்கிரெஸ் பதினெட்டாம் பதிப்புதான், பைட்டுக்குக் குறி உண்டா இல்லையா என்பதைத் தரவுத்தளத்துக்குள்ளேயே பதிந்துவைக்கத் தொடங்கியது.