திறந்த மடலும் வணிகமும்

மடல் என்றாலே மறைவு என்று எண்ணிப் பழகியிருந்த உலகில், யாரும் படிக்கத்தக்க திறந்த மடல் ஒன்று 1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளன்று பிறந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரி அரசு வெளியிட்ட அஞ்சலட்டையே அது. பொருளியல் பேராசிரியரான எம்மானுவேல் ஹெர்மன், அவ்வாண்டுத் தொடக்கத்தில் வியன்னா நாளேடு ஒன்றில் எழுதிய கட்டுரை அதற்கு வித்திட்டது. சில சொற்களில் முடிந்துவிடும் செய்திக்கு உறையும் முழுக் கட்டணமும் எதற்கு என்பதே அவர் எழுப்பிய வினா. மக்கள் அதனை ஏற்றனர் என்பதற்கு விற்பனையே சான்று. முதல் மூன்று திங்களில் ஏறத்தாழ 30 இலட்சம் அட்டைகள் விலைபோயின.

மறு ஆண்டு அதே நாளில் பிரிட்டனும் அஞ்சலட்டையை வெளியிட்டது. மடலுக்கு ஒரு பென்னி. அட்டைக்கு அரைப் பென்னி. ஆயினும் மேட்டுக்குடியினர் முகஞ்சுளித்தனர். அஞ்சற்காரரும் வீட்டுப் பணியாளரும் தம் செய்தியைப் படித்துவிடுவரே என்று அஞ்சினர். வணிகரோ அந்தக் குறையிலேயே நிறையைக் கண்டனர். பிறர் கண்ணில் பட்டுவிடுமே என்பது தனிமனிதனின் அச்சம். பட வேண்டுமே என்பது வணிகனின் ஆசை. 1872 முதல், நிறுவனங்கள் தாமே அச்சிட்ட அட்டைகளில் அரசின் அஞ்சல் முத்திரையைப் பதித்துப் பெறவும் வழி பிறந்தது. ஒரு பக்கம் முகவரிக்கு மட்டுமே உரியது. மறுபக்கத்தில், தம் விற்பனையாளர் இன்ன நாளில் வருவார் என்றும், புதுச் சரக்கு வந்துள்ளது என்றும் கடைகள் அறிவித்தன.

அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டு அரசின் அஞ்சலட்டை ஒரு சென்ட் விலைக்கு வந்தது. அப்போது மடலுக்குக் கட்டணம் மூன்று சென்ட். 1892இல் மறுமொழிக்கென இணைப்பு அட்டையுடன் கூடிய இரட்டை அட்டையும் வந்தது. ஆனால், திரும்பி வாராத அட்டைகளுக்கும் வணிகர் முன்னரே பணம் கட்ட வேண்டியிருந்தது. 1928இல் அமைந்த வணிக மறுமொழித் திட்டம் அவ்விழப்பை நீக்கியது. வந்து சேர்ந்த அட்டைக்கு மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும் என்றாயிற்று. அனுப்பியவை எத்தனை, மீண்டவை எத்தனை என்று எண்ணி, விளம்பரத்தின் பயனைத் துல்லியமாக அளக்கவும் முடிந்தது.

எனினும், அழைக்கும் கருவியே அவமதிக்கும் கருவியாகவும் மாறியது. கடன் கொடுத்தோர் சிலர், பாக்கியைக் கேட்டும் மிரட்டியும் அஞ்சலட்டைகளை அனுப்பினர். உறைக்குள் இருந்திருந்தால் இருவரோடு முடிந்திருக்கும் செய்தி, திறந்த அட்டையில் ஊரறிந்த இழிவாயிற்று. கடன்பட்டவனின் வறுமையை விடவும் அவன் நாணமே அங்கே தாக்கப்பட்டது. 1888ஆம் ஆண்டு அமெரிக்கப் பேரவை, அஞ்சலட்டையிலும் உறையின் வெளிப்புறத்திலும் அவதூறோ அச்சுறுத்தலோ எழுதி அனுப்புவதைத் தடைசெய்தது. விற்க விரும்புவோன் வாசலில் நின்று கூவலாம். வீட்டாரை வாசலில் நிறுத்தி இகழலாகாது என்னும் நெறியைச் சட்டம் வகுத்தது.

இந்தியாவில் 1879ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அஞ்சலட்டை காலணா விலைக்கு வந்து, எளியோரின் மடலாக நிலைபெற்றது. 2002ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை, 'மேகதூத்' என்னும் அட்டையைச் சென்னையில் வெளியிட்டது. முகவரிப் பக்கத்தின் ஒரு பகுதியில் விளம்பரம் இடம்பெற்றது. அதனால் 50 காசு அட்டைக்கு மாற்றாக இதனை 25 காசுக்கே விற்க முடிந்தது. அன்று ஏழையின் நாணத்தை விலைபேசிய அதே திறந்த அட்டை, இங்கே வணிகனின் பொருளால் ஏழையின் செய்தியைச் சுமந்தது. கருவிக்கு அறம் இல்லை. அதனை ஏந்தும் கைக்கே அறம் உண்டு என்பதை இச்சிறு அட்டையின் வரலாறு உணர்த்துகின்றது.