காளவாய் ஊரும் கழிமுகமும்

மும்பையில் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே, ஹார்பர் ரயில் பாதையில் இருக்கிறது சுனாபட்டி. கோவில்பட்டி, உசிலம்பட்டியில் வரும் பட்டி அல்ல இது. மராத்தியில் ‘சுனா’ என்றால் சுண்ணாம்பு, ‘பட்டி’ என்றால் சூளை, அதாவது காளவாய். மதுரைக் காளவாசலைப் போலவே இதுவும் சுண்ணாம்பு சுட்ட தொழில் விட்டுப்போன பெயர்.

மும்பைத் தீவுகளின் அடித்தளம், எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. கட்டுவதற்குக் கல் தாராளமாகக் கிடைத்தது. கல்லோடு கல்லைப் பிணைக்கும் சுண்ணாம்பு அந்தப் பாறையில் இல்லை. கிளிஞ்சலையோ சுக்கான் கல்லையோ கொண்டுவந்து, ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு காளவாயும் வண்டி வண்டியாக விறகையோ கரியையோ தின்றது. 1860களில் பம்பாய்க் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டு, 1878-ல் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலைய வேலை தொடங்கிய காலத்தில் நகரத்தின் சுண்ணாம்புத் தேவை மிகப் பெரிது. நகரத்துக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றின் சாந்துக்காக எரிந்த மரங்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. சுண்ணாம்பின் இடத்தைப் பிடித்த போர்ட்லண்ட் சிமெண்டை இந்தியாவில் முதலில் செய்து பார்த்தது 1904-ல் சென்னையில். அங்கும் மூலப்பொருள் கடற்கிளிஞ்சல்தான். சிமெண்ட் பரவப் பரவ ஊர்க் காளவாய்கள் அணைந்தன.

சுனாபட்டியை ஒட்டிய தாழ்நிலம் மித்தி ஆறும் மாஹிம் கழியும் கலக்கும் சதுப்பு. கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும். இறங்கும்போது வண்டலை விட்டுச் செல்லும். அந்தச் சேற்றில் அலையாத்தி மரங்கள் வேர்விட்டு நின்றன. அவற்றின் நிழலில் மீனும் இறாலும் நண்டும் பெருகின. அருகே தாராவியில் கோலிவாடா என்ற மீனவர் குடியிருப்பின் பிழைப்பு இந்த ஏற்ற இறக்கத்தை நம்பியிருந்தது.

அந்த ஓட்டத்தை மனிதக் கை இரு முனையிலும் நெருக்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயானையும் குர்லாவையும் இணைக்கும் கரைச்சாலை எழுந்தது. அவாபாய் ஜாம்ஷெட்ஜி என்ற பெண்மணி கொடுத்த பணத்தில் மாஹிம் கரைச்சாலை 1845-ல் திறக்கப்பட்டது. 1853-ல் தாணே செல்லும் ரயில் பாதை இதே சதுப்பைக் கடந்தது. மேலே, நகரத்துக்குக் குடிநீர் தர விஹார் ஏரி அணை 1860-ல் முடிந்ததும் ஆற்றுக்கு வரும் நன்னீர் குறைந்தது. கீழே அலை தடைபட்டது, மேலே வெள்ளம் தடைபட்டது. நடுவில் கழி தூர்ந்தது. மீனவர்கள் நீரை இழந்த இடத்தில், வேறு மக்கள் குடியேற நிலம் உருவானது.

அங்கே, தாராவியில், வந்த தொழில்களில் தோல் பதனிடுதல் முக்கியமானது. தாராவியின் முதல் பதனிடும் ஆலை 1887-ல் வந்ததாகக் கூறப்படுகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள், முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும், இந்த ஆலைகளில் வேலை செய்தார்கள். தாராவித் தமிழர் வரலாறு பெருமளவு இங்கிருந்து தொடங்குகிறது. மயிர் கழன்று வரத் தோலை ஊறப்போடுவது சுண்ணாம்புத் தொட்டியில். பதப்படுத்தக் கடுக்காயும் ஆவாரம் பட்டையும் வேண்டும்; தென்னிந்தியத் தோல் தொழில் நெடுங்காலம் ஆவாரம் பட்டையை நம்பியே நடந்தது. ஆக, எங்கோ ஒரு கரட்டுக் காட்டில் உரித்த பட்டையின் சாறும் சுண்ணாம்புக் கழிவும் மும்பைக் கழியில் வந்து கலந்தன. 1971-ல், ஆலைகளுக்குத் தோல் தந்த இறைச்சிக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவனாருக்கு மாறியது. பின்னர் ஆலைகளும் தாராவியை விட்டு விலகின. சேறு அவற்றோடு போகவில்லை.

குடியேறியவர்கள் குப்பையும் இடிபாட்டு மண்ணும் கொட்டி, காலடி நிலத்தைத் தாங்களே உயர்த்திக்கொண்டார்கள். போக்கிடமற்றவர்கள் செய்த அந்த நிரப்புதலைக் குற்றமாகச் சொல்வதில் நியாயமில்லை. அதைவிடப் பெரிய நிரப்புதல் திட்டமிட்டே நடந்தது: மித்தியின் எதிர்க்கரைச் சதுப்பை மேடாக்கி பாந்த்ரா-குர்லா வளாகம் எழுப்பப்பட்டது; ஆறு ஒடுங்கியது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, பரந்து நிற்க இடமில்லாத மித்தி குர்லாவுக்குள்ளும் சயானுக்குள்ளும் புகுந்தது. அதே ஆண்டு அக்டோபரில், மாநிலம் முழுவதும் அலையாத்திக் காடுகளை அழிப்பதற்கு பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

மாறாகச் செய்து காட்டிய இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையோரம், தாராவிக்கு எதிரே, நகரக் குப்பை கொட்டிய மேடு ஒன்று 1970களில் மூடப்பட்டது. குப்பையின் மேல் மண் பரப்பி, 1980களில் மரம் நடத் தொடங்கினார்கள். 1994-ல் அது மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; பரப்பு சுமார் 37 ஏக்கர். பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் நிறைந்த அந்தக் காட்டை ஒட்டி, மித்திக் கரையில் அலையாத்தி நிற்கிறது. தாராவி மறுகட்டமைப்புப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் பூங்காவின் எல்லையும் பேச்சுக்கு வருகிறது. அதில் ஓர் அடியும் குறையாமல் காப்பது நகரத்தின் கடமை.