பெயின்ட்டைச் சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பழைய காருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறதுல என்னய்யா பெரிய சரித்திரம்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. இந்தப் பதிவு செவர்லே கம்பெனியோட கார்வெட் காரைப் பத்தி. எஞ்சின், வேகம், விலை எல்லாம் வேற யாராவது எழுதுவாங்க. நான் சொல்லப் போறது அதோட தோலைப் பத்தி மட்டும் :-)

1953 ஜனவரியில நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்ல ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கண்காட்சி நடத்துச்சு. மோட்டோரமான்னு பேரு. அதுலதான் கார்வெட் முதல் முதலா மேடையேறுச்சு. டிசைன் பிரிவுத் தலைவர் ஹார்லி ஏர்லோட கனவு அது. ஜனங்க ஆர்வத்தைப் பாத்து, அதே வருஷம் ஜூன் 30-ல மிச்சிகன் மாநிலம் ஃப்ளின்ட்ல தயாரிப்பு ஆரம்பம். அந்த வருஷம் மொத்தமே 300 கார்தான். முந்நூறும் ஒரே கலர்: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு.

உடம்பு இரும்புத் தகடு இல்லை, ஃபைபர் கிளாஸ். நம்ம கடற்கரையில கிடக்கிற ஃபைபர் படகுக்கு அண்ணன் முறைன்னு வெச்சுக்குங்க. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது. ஏன் இதுன்னா, தகட்டை அமுக்கி வடிவமாக்க எஃகு அச்சு வேணும். அந்த அச்சு செய்ய காசும் ஆகும், காலமும் ஆகும். கொஞ்சம் கார் மட்டும் செய்யறப்போ அது கட்டுப்படியாகாது. பின்னாடி தகடுக்கு மாறிக்கலாம்னுகூட ஒரு யோசனை இருந்துச்சு. ஆனா மாறவே இல்லை. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கும் கார்வெட்டோட வெளித்தோல் எஃகு கிடையாது.

ஓஹையோ மாநிலம் ஆஷ்டபுலாவுல இருந்த ராபர்ட் மாரிசனோட மோல்டட் ஃபைபர் கிளாஸ் கம்பெனிதான் இந்த உடம்புத் துண்டுகளைச் செஞ்சு கொடுத்துச்சு. துண்டுகளைப் பின்பக்கம் பட்டை வெச்சு ஒட்டி, இணைப்பைத் தேய்ச்சு, பட்டி பார்த்து, அப்புறம் பெயின்ட். இந்த 'இணைப்பு'ங்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

அடிச்சது லாக்கர். அதுல இருக்கிற கரைப்பான் ஆவியாப் போனா காஞ்சுடும். மெல்லிசா பல பூச்சு அடிச்சு, தேய்ச்சு, பாலிஷ் போட்டுப் பளபளப்பு வரவழைக்கணும். பாக்க அழகுதான். ஆனா அடியில இருக்கிற ரெசின் வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும். அப்போ மட்கார்டு பக்கம் இணைப்புக் கோடு பெயின்ட்டைத் தாண்டி லேசாத் தெரியும். லாக்கர் தடிமனா இருந்தா காஞ்ச ஏரி மாதிரி வெடிப்பு விடும். 1981-ல தொழிற்சாலை செயின்ட் லூயிஸ்லேர்ந்து கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனுக்குப் போனப்போதான் கலர் பூச்சுக்கு மேல நிறமில்லாத பூச்சுங்கிற புது முறை வந்துச்சு. அது வரைக்கும் லாக்கர் ராஜ்யம்தான்.

சரி, வெடிச்ச பெயின்ட்டை எப்படி எடுக்கிறது? இங்கதான் ஃபைபர் தன் குணத்தைக் காட்டும். தகடுன்னா மருந்து தடவிச் சுரண்டலாம், மணல் அடிக்கலாம். ஃபைபர்ல மணல் அடிச்சா பெயின்ட்டோட ரெசினையும் கடிச்சுத் தின்னுடும், கண்ணாடி இழை முடி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் உரிக்கும் மருந்து இன்னொரு விதமான ஆபத்து. பெயின்ட்டை எது உரிக்குதோ அது ரெசினையும் ஊற வைக்கும். சரியாக் கழுவலைன்னா, உள்ளே தங்கினது பல மாசம் கழிச்சுப் புதுப் பெயின்ட்டுக்கு அடியில கொப்புளமா எழும்பும். மருந்தோட ஆவி மனுஷனுக்கும் எமன். மூடின அறையில வேலை செஞ்சவங்க செத்துப் போயிருக்காங்க. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2019-ல பொதுமக்களுக்கு அதை விக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, 2024-ல தடையை இன்னும் இறுக்கிடுச்சு.

சமையல் சோடாவைக் காத்து அழுத்தத்துல அடிக்கிற முறையும் உண்டு. 1980-கள்ல சுதந்திர தேவி சிலையைப் புதுப்பிச்சப்போ உள்பக்கச் செம்புல ஒட்டியிருந்த தாரை இப்படித்தான் எடுத்தாங்க. ஆனா சோடாத் தூளை முழுசாக் கழுவி எடுக்கலைன்னா புதுப் பெயின்ட் பிடிக்காது.

கார்வெட்காரங்க பல பேர் கையில எடுக்கிற ஆயுதம் என்ன தெரியுமா? ஒத்தைப் பக்கம் கூருள்ள சாதாரண பிளேடு! பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளினா பழைய லாக்கர் சீவல் சீவலா வரும். மருந்து இல்லை, ஆவி இல்லை. ஆனா பிளேடோட மூலை குத்தினா ஃபைபர்ல கோடு விழும். கையகலம் கையகலமாத்தான் நகர முடியும், முழுக் காருக்கும் நாள் கணக்கா ஆகும். மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். அந்தத் தூசு உடம்புல பட்டா அரிப்பு தாங்காது, மூச்சுல போனா இன்னும் மோசம். அதனால முகமூடி இல்லாம யாரும் தொடாதீங்க.

இந்த மெதுவான முறையில ஒரு லாபம் இருக்கு. சுரண்டச் சுரண்ட அடுக்கு அடுக்காத் தெரியும். மேலே சிவப்பு, அதுக்குக் கீழே பட்டி, கீழே வெள்ளி, இன்னும் கீழே தொழிற்சாலை ப்ரைமர். யாரோ எப்பவோ எங்கயோ இடிச்சது, யாரோ ஆசைப்பட்டுக் கலர் மாத்தினது எல்லாம் அதுல இருக்கும்.

இது முக்கியமாறது ஏன்னா, 1963 மாடல்லேர்ந்துதான் கார்வெட் உடம்புல கலர் எண் போட்ட சின்னத் தகடு வெச்சாங்க. 1953-லேர்ந்து 1962 வரைக்குமான கார்ல அது கிடையாது. 1962 மாடலுக்குக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளி, மெரூன், ரெண்டு விதமான பழுப்புன்னு ஏழு கலர் இருந்துச்சு. உங்க கையில இருக்கிற கார் அந்த ஏழுல எதுவாப் பொறந்துச்சுன்னு கார்ல எங்கயும் எழுதி வைக்கலை. பெயின்ட்தான் சாட்சி. டாஷ்போர்டுக்குப் பின்னாடி, கதவு கீலுக்கு அடியில, கைப்பிடியைக் கழட்டினா தெரியற இடத்துல ஒட்டியிருக்கிற பழைய பெயின்ட்தான் காரோட பிறப்புச் சான்றிதழ். 'சுத்தமா எடுத்துட்டேன் சார்'னு மெக்கானிக் பெருமையாச் சொல்றப்போ அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

1974-ல நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டின்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. இவங்க மதிப்பெண் போடற விதம் வேடிக்கை. கார் எவ்வளவு பளபளப்புன்னு பாக்க மாட்டாங்க. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கான்னுதான் பாப்பாங்க. அன்னிக்குத் தொழிலாளி அவசரத்துல விட்ட ஆரஞ்சுத் தோல் மாதிரியான சொரசொரப்பு இருந்தா, இன்னிக்கும் அது இருக்கணும். அதை விட அழகா அடிச்சா மார்க் போச்சு! இணைப்பை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அதுவும் இப்படித்தான். தொழிற்சாலை மறைக்க முடியாமத் திணறின கோட்டை இன்னிக்கு மறைச்சுட்டா, இது அசல் இல்லையோன்னு சந்தேகப்படறாங்க.

இந்தக் கேள்வி பெரிய அளவுல எழுந்தது 2014-ல. பௌலிங் கிரீன்ல கார்வெட்டுக்குன்னே 1994-ல திறந்த ஒரு தேசிய மியூசியம் இருக்கு. அந்த ஊரே சுண்ணாம்புப் பாறை, அடியில குகை. பிப்ரவரி 12 விடியக்காலைல மியூசியத்தோட வட்ட மண்டபத்துல தரை உள்வாங்கி எட்டு கார்வெட் குழிக்குள்ள விழுந்துச்சு. ஆள் இல்லாத நேரம், உயிர்ச்சேதம் இல்லை. மார்ச் மாசம் ஒவ்வொண்ணாத் தூக்க ஆரம்பிச்சு, ஏப்ரல் 9-ல எட்டாவது காரை அப்பளம் மாதிரி நொறுங்கின நிலையில எடுத்தாங்க.

எட்டையும் புதுசாக்கிடலாமா? காசும் ஆளும் இருந்துச்சு. ஆனா கடைசில மூணைத்தான் சரி பண்ணினாங்க. 2009 நீல இசட்ஆர்1. அப்புறம் 1992-ல செஞ்ச பத்து லட்சமாவது கார்வெட். முதல் 300 காருக்கு மரியாதையா அதுக்கும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. மூணாவது ஒரு கறுப்பு 1962. மிச்சம் அஞ்சையும் குழியிலேர்ந்து வந்த கோலத்துலயே காட்சிக்கு வெச்சுட்டாங்க.

அந்தப் பத்து லட்சமாவது காரைப் பிரிச்சப்போ, உள்பாகங்கள்ல அதைச் செஞ்ச தொழிலாளிங்க போட்ட கையெழுத்துகள் இருந்துச்சு. வெளிப்பக்கத்தைப் புதுசா பெயின்ட் அடிச்ச ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்கள், அந்தக் கையெழுத்துள்ள பாகங்களை முடிஞ்ச வரைக்கும் மாத்தாமக் காப்பாத்தினாங்க. 2015 செப்டம்பர்ல கார் திரும்பி வந்துச்சு. 1962 கறுப்பை மியூசியமே சரி பண்ணி, விழுந்து சரியா நாலு வருஷம் ஆன 2018 பிப்ரவரி 12-ல காட்டினாங்க.

என் கட்சி என்னன்னா, அந்த மியூசியம் செஞ்சது சரி. அவங்களுக்கு எட்டு கார் இருந்துச்சு, மூணைப் புதுசாக்கி அஞ்சைத் தழும்போட விட முடிஞ்சுது. சாதாரண ஆளுகிட்ட இருக்கிறது ஒண்ணு. வெடிச்ச பெயின்ட்டோட அவர் காலம் பூரா ஓட்டணும்னு நான் சொல்ல மாட்டேன். மேல்பூச்சு போனா அடியில ஃபைபரும் கெடும், அடிச்சுத்தான் ஆகணும். ஆனா பிளேடை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து வையுங்க. டாஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு ரெண்டு விரல் அகலம் பழைய பெயின்ட்டைத் தொடாம விட்டுடுங்க. யாருக்கும் தெரியாது, அழகும் குறையாது. நாளைக்கு வாங்கப் போறவன் டார்ச் அடிச்சுப் பாத்தா, கார் என்ன கலர்ல பொறந்துச்சுன்னு தெரிஞ்சுக்குவான்.

நீங்க என்ன சொல்றீங்க? தழும்போட விடலாமா, தேய்ச்சு அடிச்சுடலாமா? பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க மக்கா.