வான்கோழி

வான்கோழி (பெ.): அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனன்று நன்றி நவிலல் விருந்திலும், இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்திலும் முழுதாகச் சுட்டுப் பரிமாறப்படும் பெரிய பறவை.

பிறப்பிடம் வட அமெரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் இதை மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அதன்பின் வைத்த பெயர்களில்தான் குழப்பம். துருக்கி வணிகர் வழியே வந்த கினிக்கோழியோடு சேர்த்து எண்ணிய ஆங்கிலேயர் ‘டர்க்கி’ என்றனர். துருக்கியரோ ‘ஹிந்தி’ என்கின்றனர். பிரெஞ்சுப் பெயரும் இந்தியாவையே சுட்டும். போர்த்துகீசியரின் ‘பெரு’வை இந்தி மொழி அப்படியே ஏற்றது. டச்சுக்காரரின் ‘கல்கூன்’ நம் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து பிறந்தது.

தமிழில் ‘வான்கோழி’ மூதுரையிலேயே வருகிறது. அந்நூல் கொலம்பஸுக்கு முந்தையது எனக் கொண்டால், அங்கே சொல்லப்படுவது வேறொரு பறவையாகவே இருக்க வேண்டும். பழைய சொல் புதிய பறவைக்குப் பின்னர் வந்து சேர்ந்தது எனலாம்.

மெக்சிகோவில் நவாத்ல் மொழிவழி வந்த ‘குவாஹொலோட்டே’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஊர் மாறாத பெயர் அது.