மலைநாட்டுப் புல்லும் கடற்பாசியும்

மத்திய மலைநாட்டுப் புல்வெளிகளின் பசுமையைக் கண்டு மயங்கியோர் பலர். அவருள் ஒருவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். நுவரெலியாவிலே இங்கிலாந்துப் பாங்கான பண்ணையொன்றை அமைக்க விரும்பி, 1848ஆம் ஆண்டில் அவர் மாடுகளையும் ஆடுகளையும் குதிரைகளையும் கொணர்வித்தார். சில நாள்களுக்குள் 26 எருதுகள் மாண்டன. முதலாண்டிலேயே ஆஸ்திரேலியக் குதிரைகள் ஐந்து இறந்தன. எருதுகளைக் கொன்றது கொள்ளைநோய். அப்பழியைப் புல்லின்மேல் சுமத்துதல் நியாயமன்று. ஆயினும், பத்தனை எனப்படும் அப்புல்நிலங்களின் மண் வளங்குன்றியது என்பதையும், எருவின்றி அங்கு பயிர் செழியாது என்பதையும் பேக்கர் பட்டறிந்தார். 1855இல் வெளிவந்த அவரது நூல் அதனைக் கூறுகிறது.

காரணம் மழையே. அது மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மகனீசியத்தையும் கரைத்து, ஆறுகளின் வழியே கடலிற் சேர்க்கிறது. எஞ்சும் அமில மண் தேயிலைக்கு உகந்தது. பால் கறக்கும் பசுவுக்கோ சுண்ணாம்பு இன்றியமையாதது.

கோப்பிக் காலத்துத் துரைமார் எருவுக்காகவே தோட்டங்களில் மாட்டுத் தொழுவங்களை அமைத்தனர், கினிப்புல் பயிரிட்டனர், தேங்காய்ப் புண்ணாக்கை மலையேற்றினர். மழை கீழே கொண்டுபோனதில் ஒரு பங்கு மாட்டு வண்டியில் மேலே திரும்பியது எனலாம். 1869இல் கோப்பியைப் பற்றிய இலைநோய் அப்பயிரை அழித்தது. தேயிலை வந்தது; பின்னர் மூடை உரமும் வந்தது. தோட்டத்துத் தொழுவம் மதிப்பிழக்க, மாடு வளர்ப்பது பெரிதும் தொழிலாளியின் பாடாயிற்று.

பசும்புல் மாட்டை ஏமாற்றும் என்பதற்கு நியூசிலாந்தின் வரலாறு தக்க சான்று. அங்கு வடதீவின் நடுப்பகுதியில், செழித்த மேய்ச்சலில் நின்ற கால்நடைகள் மெலிந்து மடிந்தன. இரும்புச் சத்துக் குறைவே காரணமென நெடுங்காலம் எண்ணினர். 1930களிலேதான் குறைவு கோபாற்று என்னும் உலோகத்தினது எனத் தெளிந்தது. மாட்டுக்குத் தேவையானது அணுவளவே. அதுவும் அப்புல்லில் இல்லை!

கடற்பாசியின் பெருமை இங்கேதான் உள்ளது. நிலம் இழந்த அயடீன், கோபாற்று முதலியன அதில் உள்ளன. இலங்கைக் கரையோரக் கஞ்சிப்பாசி 'சிலோன் பாசி' என ஐரோப்பாவில் அறியப்பட்டது. இந்நாட்டுப் பாசியினங்களை எம். துரைரத்தினம் ஆராய்ந்து 1961இல் நூலாக்கினார். ஆனால் மாட்டுத் தீனியிற் சேரும் பாசிமாவு பெரும்பாலும் வட அத்திலாந்திக்குக் கரைகளின் கபிலப் பாசியே. ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள நோர்த் ரொனால்ட்சே தீவில், 1832இல் எழுப்பிய மதில் ஆடுகளைக் கரையிலேயே தடுத்து வைத்துள்ளது. அவை பாசியையே தின்று வாழ்கின்றன. செப்புக் குறைந்த அவ்வுணவுக்குப் பழகிய அவ்வாடுகளுக்குப் புல்லிலுள்ள செப்பே நஞ்சாகிவிடும் என்பது விந்தை.

ஆகவே பாசியும் அளவறிந்து கொடுக்க வேண்டியதே. மிகுதியான அயடீன் பாலிலும் இறங்கும். புல்லின்மேல் தெளிக்கும் பாசிச் சாறு வளர்ச்சியைத் தூண்டலாம். ஆயின் ஏக்கருக்குச் சில லீற்றர் சாறு, மழை கொண்டுபோன சுண்ணாம்பை ஈடுசெய்யுமா? அதற்கு டொலமைட்டும் தொழுவெருவும் வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, சீனாவிலிருந்து வந்த கடற்பாசி உரத்தில் தீங்கான பற்றீரியா உண்டெனக் கூறி அதிகாரிகள் அதனை மறுத்தனர். அத்தடை அவ்வாண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டது. பெரும் பயிர்ச்செய்கையின் தேவையைப் பாசியின்மேல் ஏற்றுவது அவசரம்.

ஒற்றைப் பசுவின் கதை வேறு. ஹட்டன் பக்கத்து லயத்தில், கொழுந்து பறித்து மீண்ட பெண் ஓடைக்கரையில் அறுக்கும் புற்கட்டே அப்பசுவின் முதல் உணவு. அவள் அறுத்த இடத்திலேயே மீண்டும் அறுக்கிறாள். சாணமோ வீட்டுக் காய்கறிப் பாத்திக்குப் போகிறது. ஓடைக்கரைக்கு எதுவும் திரும்புவதில்லை. கன்று ஈன்ற பசு சுண்ணாம்புக் குறைவால் எழமுடியாது படுத்துவிட்டால், பால் சேகரிக்கும் நிலையத்தில் வரும் பணம் அன்றே நின்றுவிடும். அவ்வீட்டுக்கு வேண்டியது கால்நடை வைத்தியர் அளவு சொல்லிக் கொடுக்கும் ஒரு பிடி தாதுக் கலவை. அதில் பாசிமாவு சேர்ந்திருந்தால் நன்று.